பந்தியில் விடுபட்டவள்

அந்த அப்பத்தின் ருசி எனக்கு ஞாபகம் இருக்கிறது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். நான் அதைச் சாப்பிடவே இல்லையோ என்ற சந்தேகம் பிறகு வந்தது. ஏழு வயதில் நடந்தது. எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

எழுபத்தெட்டாம் வருஷம், கோடை. அப்பா பெரம்பலூர் கூட்டத்துக்குப் போன நாள்.

அப்பாவின் பெயர் சாமிதுரை. கறுப்புச் சட்டை போட ஆரம்பித்ததும் சாமியை வெட்டிவிட்டு வெறும் துரை ஆனார். அரியலூரில் சைக்கிள் கடை. எங்கள் வீட்டில் சாமி படம் இல்லை, குத்துவிளக்கு இல்லை. நான் அதுவரை எந்தக் கோயிலுக்குள்ளும் போனதில்லை.

அவர் தலை மறைந்ததும் அம்மா என்னை பஸ் ஏற்றினாள். ஜெயங்கொண்டம் தாண்டி, வரதராஜன்பேட்டைக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கி, முந்திரிக்காட்டுக்குள் நடந்தோம். எனக்கு முறுக்கு வாங்கித் தந்திருந்தாள். அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"அப்பாவுக்குத் தெரிய வேணாம்டி."

அதை மூன்று தடவை சொன்னாள்.

மாதா கோயில் வாசலில் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். வெயிலுக்குக்கூட அவள் அப்படிப் போட்டு நான் பார்த்ததில்லை.

உள்ளே சாம்பிராணிப் புகை. நடுவில் ஒரு நீளப் பெட்டி. மேலே கறுப்புத் துணி, சுற்றி ஆறு மெழுகுவத்தி. நாங்கள் கடைசியில், கதவோரம், தரையில் உட்கார்ந்தோம்.

முன்னால் இருந்த ஒரு கிழவி திரும்பி, "மதலேனு, நீயாடி?" என்றாள்.

எனக்குத் தெரிந்து அம்மாவின் பெயர் மலர்க்கொடி. அவள் முந்தானையை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டாள். கிழவி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

மணி அடித்தது. எல்லோரும் முழங்கால் போட்டார்கள். அம்மா மட்டும் போடவில்லை. ஆனால் அவள் உதடு அசைந்தது. சாமியார் சொல்லி முடிக்கும் முன்பே அவள் உதடு சொல்லி முடித்திருந்தது.

பிறகு எல்லோரும் வரிசையாக முன்னே போனார்கள். மண்டியிட்டு வாயைத் திறந்தார்கள். சாமியார் ஒவ்வொரு நாக்கிலும் வெள்ளையாக, வட்டமாக எதையோ வைத்துக்கொண்டே வந்தார்.

அம்மா எழுந்திருக்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே சடங்கு, அப்பாவின் கூட்டங்களில் நடக்கும் சமபந்தி. எல்லாச் சாதியும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடும். ஒரே ஒரு இலை காலியாக இருந்தாலும் அப்பா தன் இலையில் கை வைக்க மாட்டார். "யோவ், அங்க ஒரு ஆளுக்கு வுட்டுப்போச்சு பாரு," என்று கத்துவார்.

நான் எழுந்து வரிசையில் நின்றேன். என் உயரத்தில் நாலைந்து பேர் இருந்தார்கள். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. மண்டியிட்டேன். நாக்கை நீட்டினேன். காகிதம் மாதிரி ஒட்டிக்கொண்டது.

திரும்பி வரும்போது விரலால் அதை எடுத்து, உள்ளங்கையில் வைத்து, அம்மாவிடம் நீட்டினேன்.

"உனக்கு வுட்டுப்போச்சும்மா."

"ஐயோ, கையால தொட்டுட்டாளே," என்று கிழவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்மா என் கையைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

இங்கேதான் என் ஞாபகம் அறுந்துபோகிறது.

அடுத்து இருப்பது அடிகுழாய். அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாகக் கழுவினாள். அந்தத் தண்ணீர் கால் படும் இடத்தில் விழாமல் கையில் ஏந்தி, ஒரு செடியின் அடியில் ஊற்றினாள். பெட்டிக்குள் யார் என்று கேட்டேன். தெரிந்தவர் என்றாள்.

சாயங்காலம் அப்பா வந்தார். கூட்டம் எப்படி என்று அம்மா கேட்டாள். நல்ல கூட்டம் என்றார்.

எண்பத்தாறில் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. கடைசி நாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில் அவளோடு நான் மட்டும் இருந்தேன்.

"அன்னைக்கு எங்கப்பா பெட்டிக்கு முன்னாடி நீ குடுத்தத நான் தின்னுருக்கக் கூடாது," என்றாள். "ஒரு சாமியாரக் கூட்டியாடி. ஒரு வார்த்தை சொல்லணும்."

எனக்குப் பதினைந்து வயது. மாதா கோயிலில் வைத்துத் தாலி கட்டிக்கொள்ளாதவள் அந்த அப்பத்தை வாங்கக் கூடாது, வாங்கினால் சாகும் முன் சாமியாரிடம் சொல்லியாக வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது அவள் சொல்லிக்கொடுத்தது மட்டும்தான்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சுடுமேம்மா," என்றேன்.

சரி என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்து, கடையில் வைத்து, அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க தாத்தா செத்துட்டாருன்னு தந்தி மொதல்ல கடைக்குத்தாம்மா வந்துச்சு. படிச்சுட்டு, எனக்குத் தெரியாத மாதிரி வூட்டுல குடுக்கச் சொல்லி அந்தத் தந்திக்காரன்கிட்டயே குடுத்தனுப்பினேன். அன்னைக்குப் பெரம்பலூர்ல கூட்டமே இல்ல."

தாத்தா அந்த முந்திரிக்காட்டுக் கல்லறையில் இருக்கிறார். அம்மாவை மருதையாற்றுப் பக்கம் எரித்தோம். அப்பா தொண்ணூற்று நாலில் இறந்தார். எழுதி வைத்திருந்தபடி உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தோம். சைக்கிள் கடையை விற்றாயிற்று. நான் பெரம்பலூரில் வேலை பார்க்கிறேன்.