ஏழாம் நரம்பு

மூளைத்தண்டிலிருந்து புறப்படும் ஏழாம் நரம்பே முகத்தசைகளை இயக்குகிறது என்பதை அற்புதமேரி உறக்கத்திலும் ஒப்பிப்பாள். பதினெட்டு ஆண்டுகள் ஆயாவாகத் தரை துடைத்த அதே வார்டில், நாற்பத்து மூன்றாம் வயதில், செவிலியர் செய்முறைத் தேர்வுக்கு நின்றாள். தேறாவிட்டால் மீண்டும் துடைப்பம்தான். பக்கவாதத்தில் வாயின் இடப்பக்கம் தொங்கிப்போன இருளாண்டி அவளுக்கு ஒதுக்கப்பட்ட நோயாளி.

“பல்லைக் காட்டுங்கய்யா.”

வலப்பக்கம் மட்டுமே விரிந்தது.

“மூணு வாரமாச்சு தாயி, இந்த மனுஷன் முழுசாச் சிரிச்சு” என்றாள் அவர் மனைவி பேச்சி.

அடுத்தது நாக்கை இயக்கும் பன்னிரண்டாம் நரம்பு. நாக்கை நீட்டச் சொன்னது அவருக்கு விளங்காததால், அற்புதமேரி தன் நாக்கையே அடிவரை நீட்டி இருபுறமும் ஆட்டிக் காட்டினாள். அந்தக் கணத்தில் தேர்வாளர் திரைச்சீலையை விலக்கினார்.

“பரிசோதனை யாருக்கும்மா, உனக்கா அவருக்கா?”

பின்னால் நின்ற இளம் மாணவிகள் வெடித்துச் சிரித்தனர். “ஆயாம்மா காளி வேஷம் கட்டுதுடி!”

அவளுக்குக் காதுமடல் வரை கொதித்தது. கட்டிலிலும் ஒரு சிரிப்பு எழுந்தது. இருளாண்டியின் வாயோரங்கள் இரண்டும் சமமாக உயர்ந்திருந்தன. மூளையின் கட்டளை முகத்துக்கு இறங்கும் பாதை அடைபட்டாலும், தானாக எழும் சிரிப்பு வேறு பாதையில் இறங்கும் என்று அவள் படித்திருந்தாள். தன்னைக் கண்டு இறங்கும் என்று புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

சிரிப்பு வடிந்தது. இடப்பக்கம் மறுபடி தொங்கியது. பேச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தாயி, இன்னொரு தடவ அப்படிச் செய்யேன்.”

திரைச்சீலை விலகியே கிடந்தது. தேர்வாளர் எழுதிக்கொண்டிருந்தார். அற்புதமேரி மெல்ல வாயைத் திறந்து நாக்கை நீட்டினாள்.