ஒட்டகச்சிவிங்கி போட்ட முட்டை

"வாயை நல்லாத் திறங்கம்மா. இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான். இப்ப சொல்லுங்க, ஒட்டகச்சிவிங்கி முட்டை போடுமா?"

நாற்காலியில் சாய்ந்திருந்த பெண்ணின் வாயில் பஞ்சு, குட்டிக் கண்ணாடி, எச்சில் உறிஞ்சும் குழாய் எல்லாம் இருந்தன. "ஆ... ஆ..." என்றாள்.

"போடாதுல்ல? உங்களுக்குத் தெரியுது. அந்தக் கொசுப்பயலுக்குத் தெரியலையே!"

பல் டாக்டருக்குப் பேச ஆள் வேண்டும். பதில் பேசாத ஆள் என்றால் இன்னும் விசேஷம். அந்த வகையில் மனுஷன் சரியான தொழிலுக்குத்தான் வந்து சேர்ந்திருந்தார்.

ஆனால் பல் அவருக்கு வெறும் பிழைப்பு. பெருமை வேறு இடத்தில் இருந்தது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இணையத்தில் கலைக்களஞ்சியம் ஒன்று இருக்கிறதல்லவா, அதில் அவர் நிர்வாகி. சம்பளம் கிடையாது. வம்பு செய்பவர்களை எழுதவிடாமல் தடை போடும் அதிகாரம் மட்டும் உண்டு. அதில் வரும் சந்தோஷம் பல் பிடுங்குவதில்கூட அவருக்கு வந்ததில்லை.

"கொசுங்கிறது அவனே வெச்சுக்கிட்ட பேரு. தினம் ஒரு விலங்கைப் பிடிப்பான். நத்தை குரைக்கும்னு எழுதுவான். முதலை சுத்த சைவம்னு எழுதுவான். நேத்து ஒட்டகச்சிவிங்கி முட்டை. மேலே இருந்து விழுந்தா உடையாம இருக்க, தாய் முதல்ல மெத்தை விரிச்சு வைக்குமாம்!"

பெண்ணின் தோள் குலுங்கியது. வலிக்கிறதோ என்று டாக்டர் கருவியை வெளியே எடுத்து, ஒரு நொடி பார்த்துவிட்டு மறுபடி உள்ளே விட்டார்.

"பாவம், மூக்குக்கண்ணாடின்னு ஒருத்தர். இவன் எழுத எழுத, பின்னாலேயே வந்து திருத்திட்டுப் போவார். ஒவ்வொண்ணுக்கும் ஆதாரம் வேற காட்டுவார். எழுத்தைப் பார்த்தாலே தெரியுது, பெரிய மனுஷர். அவருக்கு ரத்தக்கொதிப்பு ஏறினா யார் பொறுப்பு? எங்க நிர்வாகிங்க குழுவுல இதுக்குப் பெரிய சண்டை. சின்னப் பையனா இருப்பான், கண்டிச்சு விட்டுடலாம்னு ஆளாளுக்குப் பரிஞ்சு பேசினாங்க. நான் விடுவேனா? காலைல ஆயுள் தடை போட்டுட்டேன்!"

"ஆ! ஆ! ஆ!"

"பார்த்தீங்களா, உங்களுக்கே கோபம் வருது."

எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். அவள் வாய் கொப்பளித்துத் துப்பினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தக் கொசு நான்தான், டாக்டர்."

கண்ணாடி அவர் கையிலிருந்து நழுவித் தட்டில் விழுந்தது.

"பல்வலின்னு சொன்னதும் பொய்தான். கலைக்களஞ்சியத்துல உங்களைப் பத்தின பக்கத்துல, இந்த கிளினிக் போர்டு முன்னால நின்னு படம் போட்டிருக்கீங்களே, அதைப் பார்த்துட்டு நேரா வந்தேன்."

"பல்வலி பொய்யா? ரெண்டு சொத்தை இருக்கேம்மா!"

"அது இருக்கட்டும். முதல்ல தடையை எடுங்க. மூக்குக்கண்ணாடி என் மாமனார். காலேஜ்ல விலங்கியல் பேராசிரியரா இருந்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துடுச்சு. மருந்தையும் சாப்பாட்டையும் ஒதுக்கிட்டு சுவரைப் பார்த்துட்டே கிடந்தார். என்ன செய்யறதுன்னு தெரியாம ஒரு நாள் நத்தை குரைக்கும்னு எழுதி, அந்தப் பக்கத்தை அவர் முன்னாடி திறந்து வெச்சேன். 'எந்த மடையன் எழுதினது?'ன்னு கேட்டார் டாக்டர்! பேச்சே வராதுன்னு எல்லாரும் கைவிட்ட மனுஷர்!"

டாக்டர் இளகித்தான் போனார். ஆனால் உள்ளே இருந்த நிர்வாகி அத்தனை சுலபத்தில் மசிகிற ஆள் இல்லை.

"அதுக்காக ஊருக்கே பொய் சொல்வீங்களா? எவனாவது படிச்சுட்டு முட்டையைத் தேடிக் கிளம்பிட்டா?"

"கிளம்பறதுக்குள்ள மாமா திருத்திடுவார். இன்னைக்குத் திருத்த ஒண்ணும் இல்லாம, காலைலேர்ந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்கார். மறுபடி சுவரைப் பார்க்க ஆரம்பிச்சுட்டா நான் என்ன செய்வேன்? பயமா இருக்கு டாக்டர்."

"கலைக்களஞ்சியத்துக்கு விதிமுறைன்னு ஒண்ணு இருக்கும்மா, தடையை எடுக்க முடியாது. வேணும்னா நான் அவர்கிட்ட நாலு நல்ல வார்த்தை பேசறேன். இப்ப எங்கே இருக்கார்?"

"வெளியேதான். தனியா விட்டுட்டு வர முடியாதே."

சொத்தையை மட்டும் விட மனம் வராமல், அவளை நர்ஸோடு எக்ஸ்ரே அறைக்கு அனுப்பிவிட்டு டாக்டர் வெளியே வந்தார்.

சக்கர நாற்காலியில் பேராசிரியர் மீன்தொட்டியை முறைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் குனிந்து, "சார், கலைக்களஞ்சியத்துல நானும் ஒரு நிர்வாகி. அந்தக் கொசுவுக்கு ஆயுள் தடை போட்டுட்டேன். இனிமே நீங்க நிம்மதியா இருக்கலாம்" என்றார்.

பெரியவரின் இடது கை டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்தது. நல்ல பிடி.

"என்... மருமகளுக்கா... தடை போட்டே?"

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார்... அவங்கதான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் வாரமே தெரியும்." வார்த்தை வார்த்தையாகத்தான் பேச்சு வந்தது. "என் பையன் கப்பல்ல வேலை பார்க்கிறான். என்னைத் தூக்கி உட்கார வைக்கிறதுக்காக அவ வேலையை விட்டுட்டா. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாம நாலு சுவத்துக்குள்ள கிடக்கா. அந்தப் பொய்யை எழுதறப்போ மட்டும்தான் சமையலறைல தனியா விழுந்து விழுந்து சிரிக்கிறா. விலங்கியலைக் காப்பாத்தி இனி எனக்கு என்னய்யா ஆகணும்? நான் திருத்தினாத்தானே அவ அடுத்ததை எழுதுவா!"