முந்நூற்று நாற்பதாவது வரி

"அந்த முந்நூத்தி நாப்பதாவது வரியைத் தூக்குங்க சார், எல்லாம் சரியாயிடும்" என்றார் டிவி மெக்கானிக்.

"அதை மட்டும் தொடாத தம்பி" என்றார் டைலர்.

மேசைமேல் அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர். பார்க்க வெறும் கீபோர்டு மாதிரி இருக்கும். மொத்த யந்திரமும் அதற்குள்ளேதான். பக்கத்தில் திரையாக ஒரு பழைய டிவிப் பெட்டி, போட்டதைப் பதிந்து வைக்க ஒரு கேசட் ரிக்கார்டர். இனி ஓர் எழுத்துக்கும் இடமில்லை என்ற அறிவிப்பு திரையில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

மெக்கானிக் இதற்கு உயிர் கொடுப்பது இது நாலாவது தடவை. இனிமேல் கிடையாது. உள்ளே இருந்த சிப் சூடேறிச் சூடேறி வீணாகியிருந்தது. மாற்றிப் போட எந்தக் கடையிலும் சரக்கு இல்லை. "அரை மணி நேரம் தாங்கினாலே பெரிசு. பழைய நாடாவும் இப்ப ஓட்டினதோட அறுந்துபோச்சு, அதுக்குள்ள முடிச்சு புதுக் கேசட்ல ஏத்திடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

சின்னப் புதிர் விளையாட்டுதான். திரையில் ஒரு நீளத் துணி விரியும். கை, கழுத்துப்பட்டி, முதுகு, பாக்கெட் என்று வெட்டுத் துண்டுகள் வரும். ஒட்டுத்துணிகூட மிச்சமாகாமல் எல்லாத் துண்டையும் அடுக்கினால் ஜெயம். எட்டுக் கட்டம் தயார். ஒன்பதாவதுதான் கடைசி. அதைப் போடுவதற்காக, எழுபதை எட்டப்போகிற டைலர் நூலகத்துப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பத்து மாதமாகக் கம்ப்யூட்டர் மொழியை அனா ஆவன்னாவிலிருந்து படித்திருந்தார்.

"டைலர் மூளைன்னா டைலர் மூளைதான் சார். வேற யாருக்கு இந்த யோசனை வரும்?"

பத்தாத துணியிலும் முழுக்கைச் சட்டை வெட்டிய டைலரின் கையால் இங்கே நாற்பது எழுத்துக்கு இடம் பிடிக்க முடியவில்லை. விளையாட்டுக்குப் போன மாதம் சேர்த்த இசை மெட்டை நீக்கினார். அதற்கு முந்தின மாதம் சேர்த்த மதிப்பெண் கணக்கையும் நீக்கினார். அப்படியும் பத்தவில்லை.

"சார், அது கம்ப்யூட்டருக்கு இடற கட்டளையே இல்லை. எழுதறவங்க தங்களுக்காக எழுதி வச்சுக்கற குறிப்பு. யந்திரம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. தமிழை இங்கிலீஷ் எழுத்துல, நடுவுல இடமே விடாம அடிச்சு வச்சிருக்கீங்க, எனக்குப் படிக்கக்கூட வரல. ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டு அழிச்சுடுங்களேன்."

"பேப்பர்ல எழுதினா அது என் கையெழுத்தா ஆயிடும் தம்பி."

மெக்கானிக்குக் கிறுக்குப் பிடித்துவிடும் போலிருந்தது. "சரி, விடுங்க. என் லேப்டாப்புல பத்தே நாள்ல புதுசா போட்டுத் தரேன்."

"இல்லை. இதுலதான் முடிக்கணும்."

டைலரின் மனைவி டீ கொண்டுவந்தாள். அந்த அறைக்குள் அவள் காலெடுத்து வைப்பதில்லை. இரண்டு டம்ளரையும் வாசற்படியிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

திரையின் ஓரத்தில் கோடுகள் நெளிய ஆரம்பித்தன.

"சிப் போகுது சார்! சீக்கிரம்!"

டைலர் மூன்று, நான்கு, சைபர் என்று தட்டினார். இன்னும் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த வரி இருந்த இடம் தெரியாமல் போய்விடும். விரல் அதன்மேல் போய் நின்றது. நின்றதுதான், அழுத்தவில்லை.

"ஒண்ணு அதை அழிங்க, இல்லை ஒன்பதாவதை விடுங்க! ரெண்டும் வேணும்னா ரெண்டும் போயிடும்!"

அடித்த எண்களை டைலர் ஒவ்வொன்றாகத் திரும்ப அழித்தார்.

"ஒன்பதாவது வேண்டாம்" என்றார். "எட்டோட ஏத்திடு."

கேசட் சுழன்றது. கீச்சுக் குரலில் அது கத்தி முடித்ததும் மெக்கானிக் நிறுத்தினார். மறுநிமிடம் திரை வெளுத்து, ஒரு புள்ளியாகச் சுருங்கி, இருண்டது. பொசுங்கின வாடை வந்தது. இனி அந்த யந்திரம் எழுந்திருக்காது.

மெக்கானிக்குக் கோபம் தாங்கவில்லை. "பத்து மாச உழைப்பு சார்! கரையேற ஒரு அடி இருக்கும்போது விட்டுட்டீங்களே! அப்படி என்ன பொன்னான வார்த்தை எழுதி வச்சீங்க?"

"நான் எங்கே எழுதினேன்? இந்த விளையாட்டே எம்பொண்ணு போட்டது தம்பி. அப்போ பதினேழு வயசு அவளுக்கு. எட்டுக் கட்டம் முடிச்சதோட சரி, ஒன்பதாவது போடறதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டா."

டைலர் இருண்ட திரையைப் பார்த்தபடியே அந்த வரியை ஒப்பித்தார்: "'ஒன்பதாவது எப்படி அடுக்கறதுன்னு அப்பாகிட்ட கேட்கணும், அவருக்குக் கோபம் இல்லாத நாளாப் பார்த்து.'"