ஆறு கார்னேஷன்கள்

யாஷ் என்ற கிழக்கு ஐரோப்பிய நகரத்தில் ஒரு நாலாவது மாடிச் சமையலறையில், மார்ச் வெயில் மேசையின் பாதிவரை வந்து நிற்கிறது. ஒட்டிலியா கைபேசிப் படத்தை இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்க்கிறாள். புற்றுநோய் வந்த பெண்களுக்காக அவள் நடத்தும் முகநூல் குழுவில் நேற்றுச் சேர்ந்த கசியானா போட்ட படம் அது: ஆஸ்பத்திரி ஜன்னல், ஊறுகாய் ஜாடி, அதில் சிவப்புக் கார்னேஷன் பூக்கள். ‘தங்கச்சி கொண்டுவந்தா.’ நாற்பது பேர் இதயம் போட்டிருக்கிறார்கள். ஒட்டிலியா போடவில்லை. போன மாதம் ஒருத்தி யாருடைய மொட்டைத் தலையையோ தன்னுடையதென்று காட்டி எல்லோரையும் அழவைத்துவிட்டுப் போனாள். “எண்ணிப் பாரு, ஆறு,” என்று, எதிரே உருளைக்கிழங்கு சீவும் தோழி ஸ்மரந்தாவிடம் திரையைத் திருப்புகிறாள். “உயிரோட இருக்கறவளுக்கு எந்தத் தங்கச்சிடி ரெட்டைப்படையில பூ கொடுப்பா? நம்ம ஊர்ல அது கல்லறைக்கு. படத்தை எங்கேயோ சுட்டிருக்கா.” ஸ்மரந்தா கத்தியை நிறுத்தவில்லை. “அவகிட்டயே கேட்டுட்டு, அப்புறம் குழுவிலேர்ந்து தூக்கு.”

‘பூ ஏன் ஆறு?’ என்று ஒட்டிலியா கசியானாவுக்குத் தட்டிக் கேட்கிறாள். திரையில் மூன்று புள்ளிகள் துள்ளுகின்றன, நிற்கின்றன, மறுபடி துள்ளுகின்றன. “கதை ஜோடிக்கிறா பாரு.” குழுவிலிருந்து நீக்கும் பொத்தானுக்கு மேலேயே அவள் கட்டைவிரல் காத்திருக்கிறது. இன்னொரு படம் வருகிறது. பக்கத்துக் கட்டில், போர்வைமேல் ஊசி செருகிய சுருங்கிய கை, அருகே கண்ணாடி டம்ளரில் ஒற்றைக் கார்னேஷன். ‘இந்தம்மாவைப் பாக்க யாருமே வரலைக்கா. ஏழுல ஒண்ணை இவங்களுக்கு வெச்சேன்.’

கட்டைவிரல் விலகுகிறது. ஒட்டிலியா மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவசரமாகத் தட்டுகிறாள்: ‘மடச்சி, உன் ஜாடியிலேர்ந்து இன்னொண்ணை எடுத்து நர்ஸ்கிட்ட கொடு. இப்பவே. அந்தம்மாகிட்ட கொடுத்துடாதே, அவங்களுக்கு ரெண்டாயிடும்.’