மறுபடியும் முதல்லேர்ந்து

"மறுபடியும் முதல்லேர்ந்து வாசி," என்றார் கரீம்.

கள்ளக்குறிச்சி பஜாரில் பகலெல்லாம் பாத்திரக்கடையில் நின்றுவிட்டு வந்த களைப்பு முகத்தில் அப்பியிருந்தது. ஆனாலும் மகள் ஜெபீனாவின் கீபோர்டை விட்டு அவர் நகரவில்லை. முதல் கிரேடு பியானோ தேர்வுக்கு இன்னும் நாலே நாள்தான்.

"கை வலிக்குது அத்தா, போதும்," என்று தலை நிமிராமலே முனகினாள் ஜெபீனா. அவர் காதில் ஏறவில்லை.

"நாலாவது விரல் வைக்கிற எடத்துல மூணாவத வச்சிக்கினு இருக்க. இன்னா அவசரம்?"

அழுகையை அடக்கிக்கொண்டு மறுபடி வாசித்தாள்.

தேர்வு முடிவு வந்த அன்று முதன்முறையாக மகளோடு பியானோ வகுப்புக்கு வந்தார் கரீம்.

"விரல் வரிசையில ஒரு தப்புகூட இல்லைனு எழுதியிருக்காங்க," என்றார் ஸ்டெல்லா டீச்சர். "கூடவே உட்கார்ந்து கேட்டுத் திருத்தினது நீங்களா சார்?"

கரீம் மகளைப் பார்த்தார்.

"அத்தாவுக்குக் காய்ச்சல்ல காது போயிடுச்சு டீச்சர், நான் பொறக்கறதுக்கு முன்னாடியே," என்றாள் ஜெபீனா. "புக்ல இருக்கிற விரல் நம்பரையும் என் கையையும் பார்த்துதான் தப்பு சொல்லுவாரு."

பிறகு டீச்சர் சொன்னதை அவருக்குச் சைகையில் சொன்னாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

வெளியே வந்ததும் மகளின் உதடுகளையே பார்த்தபடி, தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"நீ வாசிச்ச அந்தப் பாட்டு கேக்க நல்லாருக்குமா ஜெபீ?"