ஒன்பதாம் நம்பர் உத்தமர்

“போச்சு டெஸ்மண்ட், ஒன்பதாம் நம்பர் பாட்டில் காலி!”

குளிர்பெட்டியின் கதவைப் பிடித்தபடி கத்தினாள் பிரான்வின். பேராசிரியர் டெஸ்மண்ட் வந்து எட்டிப் பார்த்தார்.

மனித செல்களிலிருந்து சிறுநீர்ப்பைத் திசுவை அடுக்கடுக்காக வளர்ப்பதுதான் பிரிஸ்பேனில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தின் வேலை. திசுவுக்குக் கீழே சத்து நீர், மேலே வடிகட்டிய நிஜச் சிறுநீர். உடம்புக்குள்தான் இருக்கிறோம் என்று செல்கள் நம்ப வேண்டுமே! அதற்காகக் கட்டிடத்தில் வேலை செய்கிறவர்களிடமே பாட்டிலும் படிவமும் கொடுத்து வாங்குவார்கள். பெயர் கிடையாது, எண் மட்டும்தான். பாட்டிலுக்கு ஒரு டப்பா லாமிங்டன் கேக் அன்பளிப்பு.

மற்றவர்கள் கொடுத்ததில் திசு இரண்டே வாரத்தில் உதிர்ந்துபோனது. ஒன்பதாம் நம்பரில் மட்டும் ஏழு அடுக்காகத் தளதளவென்று வளர்ந்து நின்றது. இன்னும் ஐந்து நாள் தாக்குப்பிடித்தால் பிரான்வினின் ஆய்வேடு முடிந்துவிடும். இன்று மாலைக்குள் புதிதாக ஊற்றாவிட்டால் மூன்று வருட உழைப்பும் பாழ்.

“வேற யாரோடதாவது ஊத்திப் பாரேன்.”

“யாரோடத? வாரம் பூரா பீர் குடிக்கிற உங்களோடதையா?”

டெஸ்மண்ட் அதைக் காதில் வாங்காத மாதிரி, “அந்த மனுஷன் படிவத்தை இன்னொரு தடவை படி, வயிறெரிவோம்” என்றார்.

பிரான்வின் படித்தாள். “ஆண். காபி, பீர், சிகரெட் எதுவும் கிடையாது. மாத்திரையும் கிடையாது. உப்புப் போடாத கறி. தினமும் காலையில ஆத்தோரமா அஞ்சு கிலோமீட்டர் ஓட்டம். பகல்லயும் நல்ல தூக்கம். கவலை ஒண்ணும் இல்ல.”

“கல்யாணம் ஆகாதவனா இருப்பான்.”

“அப்படின்னா நானே கட்டிக்கிறேன்!”

எண்ணை வைத்து ஆளைத் தேடக் கூடாது என்பது விதி. ஆனால் அவராக வந்தால்? குளிர்பெட்டியில் ஒரு சீட்டு ஒட்டினாள்: ‘ஒன்பதாம் நம்பர் அவர்களே, உடனே வாருங்கள். இரண்டு டப்பா லாமிங்டன்!’

மூன்று மணிக்குத் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார் ஸ்டோரில் வேலை பார்க்கும் நெவில். அவருக்கு முன்னால் அவர் தொந்தி வந்தது. பிரான்வினுக்குக் கல்யாண ஆசையே விட்டுப்போனது.

“நீங்களா ஒன்பது? தினம் ஓடறீங்களா நெவில்?”

“நானா? பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓட மாட்டேம்மா.”

“பீர் குடிக்கறதில்லயே?”

“பிரஷர் மாத்திரையே பீர்லதாம்மா போட்டுக்கறேன்.”

“அப்போ எழுதினது அத்தனையும் பொய்யா?” அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“ஐயையோ, ஒரு எழுத்துகூடப் பொய் இல்லம்மா. லாமிங்டன்னா எனக்கு உசிரு. ஆனா உங்க படிவத்தைப் பார்த்ததுமே என்னோடது எடுபடாதுன்னு தெரிஞ்சுபோச்சு. அதான் எங்க வீட்டுப் பையன்கிட்ட பிடிச்சுக் கொண்டாந்தேன்.”

பிரான்வினுக்கு மூச்சு வந்தது. “அப்பாடா! வெளியாளா இருந்தாலும் பரவாயில்ல, டெஸ்மண்ட்கிட்ட நான் பேசிக்கறேன். உடனே அவரை வரச் சொல்லுங்க.”

“வந்துதான் இருக்கான். வாசல்ல என் வண்டியில உக்காந்திருக்கான்.”

ஒரு கையில் பாட்டிலும் மறு கையில் இரண்டு டப்பாக்களுமாக, போகிற வழியிலேயே தலைமுடியையும் சரிசெய்துகொண்டு அவர் பின்னால் ஓடினாள் பிரான்வின்.

நெவில் வாயில் விரலை வைத்து விசிலடித்தார். வண்டியின் பின்பக்கத்திலிருந்து துள்ளிக் குதித்த செவலை நாய் ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு வந்து, டெஸ்மண்டின் கார் சக்கரத்தை முகர்ந்து பார்த்துக் காலைத் தூக்கியது.

“என்னம்மா பார்த்துக்கிட்டு நிக்கறீங்க, சீக்கிரம் பாட்டிலைப் பிடிங்க!”