நிற்காத குமிழி

வாரம் இரண்டு தடவை நடுரோட்டில் சூடாகி நிற்கும் காரை, அன்றைக்கு எப்படியாவது யார் தலையிலாவது கட்டிவிடுவது என்று தையல்காரர் முடிவோடு இருந்தார். வாங்க வந்தவருக்குப் புது நீலப் பெயிண்ட் பிடித்துப்போயிற்று.

ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து, ஹீட்டரைப் போட்டு, இஞ்சினை ஓடவிட்டார்கள். தண்ணீரில் குமிழி கிளம்பியது.

"உள்ள கொஞ்சம் காத்து மாட்டியிருக்குங்க," என்றார் தையல்காரர். "கால் மணி நேரம் ஓடினா எல்லாம் வெளிய வந்துடும்."

அரைமணி ஆயிற்று. குமிழி நிற்கவில்லை. வாங்க வந்தவர் குனிந்து பார்த்து, ரப்பர் குழாயில் முறுக்கியிருந்த கட்டுக்கம்பியைத் தடவினார். முகம் தொங்கிப்போயிற்று.

"காத்து இல்லண்ணே. இஞ்சின் கேஸ்கெட் போயி, உள்ள இருக்கிற புகை தண்ணிக்குள்ள வருது. பத்து நாள் ஓடவிட்டாலும் குமிழி நிக்காது."

"நீங்க மெக்கானிக்கா?"

"இல்ல, கட்டடத்துல கம்பி கட்டுற வேலை. இந்த வண்டி முன்னாடி வெள்ளைதானே?"

தையல்காரருக்கு வேறு வழியில்லை. "ஆமா. என்கிட்ட வித்த புரோக்கர்தான் வெறும் காத்துன்னு அடிச்சுச் சொன்னான். நாசமாப் போறவன்."

"அவனைத் திட்டாதீங்கண்ணே," என்று வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டார். "இந்தக் கம்பி நான் கட்டினது. காத்துன்னு சொல்லி வித்துடுன்னு அவனை அனுப்பினதும் நான்தான்."